மூதாதையர் ஊர் எங்கே? மென்னோனைட் குடும்பத் தேடலும் இணைய வரைபடமும்

கேள்வி: என் கணவர் குடும்பம் மென்னோனைட் என்ற கிறித்தவப் பிரிவின் வழி வந்தது. அவருடைய கொள்ளுப்பாட்டியைப் பற்றிக் கையில் இருக்கும் ஒரே குறிப்பு, "பிறப்பு 1868, ப்ளூமனோர்ட், ரஷ்யா" என்பதுதான். கூகுள் மேப்ஸில் பெயரைப் போட்டால் கனடாவின் மனிடோபாவில் உள்ள ஊர்தான் வருகிறது. உண்மையான ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, வினிபெக்

பதில்: தேடலில் முதலில் வந்து நிற்கும் ஊரை நம்பாதீர்கள். மென்னோனைட் மக்கள் எங்கே குடிபெயர்ந்தாலும் ஊர்ப்பெயரையும் கூடவே கொண்டுபோனார்கள். அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த உக்ரைனில், மொலோச்னா குடியேற்றத்தில் ஒரு ப்ளூமனோர்ட் இருந்தது. மனிடோபாவிலேயே ஸ்டைன்பாக் பக்கம் ஒன்று, மேற்கு ரிசர்வ் என்ற மென்னோனைட் குடியேற்றப் பகுதியில் இன்னொன்று. ஆகவே ஊருக்கு முன் குடியேற்றத்தை உறுதி செய்யுங்கள். எந்தக் குடியேற்றம் என்று தெரியாமல் வைக்கிற புள்ளி வெறும் ஊகம்தான்.

இதில் ஆண்டு பாதி வேலையை முடித்துவிடும். உக்ரைனின் கோர்டிட்சா குடியேற்றம் தொடங்கியது 1789-இல், மொலோச்னா 1804-இல், மனிடோபா 1874-இல், மெக்சிகோ 1922-இல், பராகுவேயின் சாக்கோ 1927-இல். 1868-இல் பிறந்தவர் மனிடோபாவில் பிறந்திருக்க வழியே இல்லை. மொலோச்னாவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். 1860-களில் மொலோச்னாவில் நிலமில்லாத குடும்பங்கள் பெருகி, பலர் புதிய கிளைக் குடியேற்றங்களுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது.

அதனால் அடுத்து உடன்பிறந்தவர்களைப் பாருங்கள். கலிஃபோர்னியா மென்னோனைட் வரலாற்றுச் சங்கம் பராமரிக்கும் 'கிராண்ட்மா' தரவுத்தளத்தில் (கட்டணம் உண்டு) கொள்ளுப்பாட்டியின் பெற்றோரைத் தேடி, எல்லாப் பிள்ளைகளும் எங்கே பிறந்தார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். மூத்தவர் ஓர்லோஃபிலும் அடுத்தவர் டீகேயிலும் பிறந்திருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. அவை இரண்டும் மொலோச்னா ப்ளூமனோர்ட்டுக்கு அக்கம்பக்கத்து ஊர்கள்.

பிறகு 'கமியோ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மென்னோனைட் இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்த ஊரின் கட்டுரையைத் திறங்கள். பல ஊர்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை அங்கேயே உண்டு. அந்த எண்களை நகலெடுத்து வரைபடத்தின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ஓர்லோஃப், டீகே, ப்ளூமனோர்ட், ரோசனோர்ட் ஆகிய நான்கும் இன்று ஓர்லோவே என்ற ஒரே ஊருக்குள் அடக்கம். எனவே புள்ளி ஓர்லோவேயில் விழுந்தால் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். பழைய குடியேற்ற வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து, ஆற்று வளைவைப் பார்த்து, நீண்ட தெருவின் எந்தப் பகுதி ப்ளூமனோர்ட் என்று பிரித்தறிய வேண்டும்.

பெயர் எழுத்திலும் இடறல் உண்டு. ரஷ்ய வரைபடங்களில் ஜெர்மன் 'ஹ' ஒலி பெரும்பாலும் 'க' ஆகிவிடும். ஹால்ப்ஸ்டட், கால்ப்ஸ்டட் ஆகும். அதன் இன்றைய பெயர் மொலோச்சான்ஸ்க். உக்ரைனில் சோவியத் காலப் பெயர்கள் பல 2016-இல் மாற்றப்பட்டதால், அதற்கு முன் அச்சான அட்டவணைகளில் உள்ள 'இன்றைய பெயர்' இன்று செல்லாமல் போயிருக்கலாம். பழைய ஜெர்மன் பெயர், சோவியத் பெயர், இப்போதைய உக்ரைன் பெயர் மூன்றையும் தேடிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வுக் குழு போலந்தின் விஸ்டுலா ஆற்று டெல்டாவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தைத் தேடுகிறது. ஊர் ஹாய்புடன். போலந்துப் பெயர் ஸ்டோகி என்று தெரிந்து தேடினோம். க்தான்ஸ்க் நகரின் கடற்கரைப் பகுதிக்குப் போகிறது. சரிதானா?
– வரலாற்று மாணவர்கள்

பதில்: உங்கள் ஊர் அநேகமாக வேறு. க்தான்ஸ்க் கடற்கரையில் உள்ள ஸ்டோகியின் ஜெர்மன் பெயர் ஹாய்புட. மாரியன்பூர்க், அதாவது இன்றைய மால்போர்க், அருகே இருக்கும் ஹாய்புடனுக்கும் போலந்துப் பெயர் ஸ்டோகிதான். பெரிய மென்னோனைட் சபையும் இன்றும் மிஞ்சியிருக்கும் கல்லறைத் தோட்டமும் மால்போர்க் பக்கத்து ஸ்டோகியில்தான். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், ஆனால் டெல்டாவின் இரு வேறு மூலைகள்.

இந்த டெல்டா அன்று பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசில் இருந்தது. அந்த ஊர்களுக்கு 'கார்ட்டன்மைஸ்டர்' என்ற இணைய அட்டவணை நல்ல துணை. ஜெர்மன் பெயரைக் கொடுத்தால் போலந்துப் பெயரும் இடக்குறியும் வரும். 'மேயர்ஸ் கெசட்டியர்' 1871 முதல் 1918 வரையிலான ஜெர்மன் பேரரசின் ஊர்களைத் தருகிறது. எந்த மாவட்டம் என்று அதில் சரிபாருங்கள். மாரியன்பூர்க் மாவட்டம் என்று ஆவணத்தில் இருந்தால் க்தான்ஸ்க் கடற்கரைக்கு அங்கேயே தாழ்ப்பாள் விழுந்துவிடும்.

அடுத்தது பழைய வரைபடத்தை இன்றைய நிலத்தின் மேல் விரிப்பது. 1:25,000 அளவு ஜெர்மன் நிலவரைபடத் தாள்களில் 4 செ.மீ. என்பது 1 கி.மீ.; தனித்தனிப் பண்ணைவீடும் கல்லறைத் தோட்டமும்கூடத் தெரியும். கணினியில் கூகுள் எர்த் ப்ரோவை (இலவசம்) திறந்து, படத்தை மேலடுக்காகச் சேர்க்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். முழுத் தாளையும் ஏற்றாமல் தேவையான பகுதியை மட்டும் வெட்டி ஏற்றினால் எழுத்து மங்காது. ஒளிபுகும் அளவைப் பாதியாக வையுங்கள். நடுவில் உள்ள பச்சைக் குறியால் படத்தை நகர்த்தி, ஓரக் குறிகளால் நீட்டிச் சுருக்கி, பக்கவாட்டுக் குறியால் திருப்பிப் பொருத்துங்கள். தேவாலயம், சாலைச் சந்திப்பு, ரயில் பாதை சாலையைக் கடக்கும் இடம் ஆகிய மூன்றும் நம்பகமானவை. இவை படத்தின் நான்கு திசைகளிலும் பரவியிருக்க வேண்டும். ஒரே மூலையில் மூன்று புள்ளி பொருந்தினால் எதிர் மூலை நூறு மீட்டர்க்கணக்கில் விலகி நிற்கும்.

ஆற்றங்கரையை மட்டும் பிடித்துக்கொண்டு பொருத்தாதீர்கள். விஸ்டுலாவுக்கு 1895-இல் கடலுக்கு நேராகப் புதிய வாய்க்கால் வெட்டினார்கள். 1915-இல் நோகட் கிளையை மதகு வைத்து அடைத்தார்கள். அதற்கு முந்தைய தாளில் இருக்கும் ஆற்றின் ஓட்டம் இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒத்துப்போகாது.

இன்னொன்று: பழைய ஜெர்மன் தாள்களின் ஓரத்தில் இருக்கும் தீர்க்கரேகை கிரீன்விச்சிலிருந்து கணக்கிட்டதாக இல்லாமல், கனரித் தீவுகளில் ஒன்றான ஃபெரோவிலிருந்து கணக்கிட்டதாக இருக்கலாம். அப்படியானால் 17°40' கழிக்க வேண்டும். மால்போர்க் 36°42' என்று இருக்கும். கழித்தால் 19°02', அதுதான் சரி. கழிக்காமல் போட்டால் புள்ளி மாஸ்கோவுக்குத் தெற்கே போய் நிற்கும்.

கேள்வி: மனிடோபா நில ஆவணத்தில் "வ.மே. 4-2-3 மே.1" என்றிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தோம், வெறும் வயல்தான். வீடு எங்கே போயிற்று?
– வாசகர், வின்க்லர்

பதில்: முதலில் இடம் சரிதானா என்று பாருங்கள். இதன் பொருள்: செக்ஷன் 4-இன் வடமேற்குக் கால்பகுதி, டவுன்ஷிப் 2, ரேஞ்ச் 3, மனிடோபா நில அளவையின் முதன்மைத் தீர்க்கரேகைக்கு (கிரீன்விச் அல்ல) மேற்கே. ரேஞ்ச் என்பது அந்தக் கோட்டிலிருந்து எண்ணும் டவுன்ஷிப் வரிசை. ஒரு டவுன்ஷிப் ஏறக்குறைய 6 மைல் சதுரம். அதில் 36 செக்ஷன்கள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர், கால்பகுதி 160 ஏக்கர். டவுன்ஷிப் 2 என்றால் அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே 6 முதல் 12 மைலுக்குள்.

கனடாவில் செக்ஷன் எண் தென்கிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பும். அமெரிக்காவில் வடகிழக்கு மூலையில் தொடங்கும். கான்சஸில் உள்ள உறவினர்களுக்கு உதவிப் பழகியவர்கள் அதே கணக்கை மனிடோபாவில் போட்டுவிடுவதுண்டு. செக்ஷன் 4 கனடாவில் கடைசித் தெற்கு வரிசை, அமெரிக்க முறையில் முதல் வடக்கு வரிசை. 5 மைல் தள்ளிப் போய்விடும்.

இடம் சரி என்றாலும் வீடு அங்கே இருந்திருக்க வேண்டியதில்லை. கால்பகுதி நிலம் ஒவ்வொருவர் பேரிலும் பதிவானது. ஆனால் குடும்பங்கள் தங்கள் நிலங்களைச் சேர்த்துப் பொதுவில் வைத்து, ஒரே தெருவின் இருபுறமும் வீடு கட்டி ஊராக வாழ்ந்தன. அரசும் இதை அனுமதித்தது. ஆகவே நில ஆவணம் உரிமையைச் சொல்கிறது, வாசலைச் சொல்வதில்லை. வீட்டுக்கு அந்த ஊரின் பழைய மனை வரைபடம் வேண்டும். இந்தத் தெரு அமைப்பை நேரில் புரிந்துகொள்ள நியூபெர்க்தாலைச் செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். தேசிய வரலாற்றுத் தலமான அந்த ஊரில் வீடும் தொழுவமும் ஒட்டிக் கட்டிய கட்டடங்கள் இன்றும் உண்டு.

கேள்வி: ஐன்லாகே என்ற ஊரின் புள்ளி தளத்துக்குத் தளம் மாறுகிறது. எது சரி?
– வாசகி, சஸ்கடூன்

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். உக்ரைனின் நீப்பர் ஆற்று அணை 1927 முதல் 1932 வரை கட்டப்பட்டபோது பழைய ஐன்லாகே நீருக்குள் போனது. ஊர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. 1900-இல் பிறந்தவருக்குத் தண்ணீரில் விழும் புள்ளிதான் சரி. 1935-இல் பிறந்தவருக்குக் கரையில் உள்ளது. 2023-இல் கக்கோவ்கா அணை உடைந்து வற்றியது, ஆற்றில் நீப்பர் அணைக்குக் கீழே உள்ள நீர்த்தேக்கம். ஐன்லாகே அதனால் வெளிப்படவில்லை.

கேள்வி: கண்டுபிடித்த ஊர்களை எப்படிச் சேமிப்பது?
– பலர்

பதில்: கூகுள் மை மேப்ஸ் போதும். ஒரு வரைபடத்தில் 10 அடுக்குகள் வரை கிடைக்கும். பிரஷ்யா, ரஷ்யப் பேரரசு, வட அமெரிக்கா என்று பிரியுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஆவணத்தில் உள்ள பெயர், குடியேற்றம், இன்றைய பெயர், ஆண்டு, எந்த ஆவணம் என்பதை எழுதுங்கள். ஊரின் நடுவிடம் மட்டும் தெரிந்தால் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் போதும், அது ஏறத்தாழ 1 கி.மீ. துல்லியம். ஆறு இலக்கம் போட்டால் அடுத்தவர் அதை வீட்டு வாசல் என்று எடுத்துக்கொள்வார். கேஎம்எல் (வரைபடப் புள்ளிகளைச் சேமிக்கும் வடிவம்) கோப்பில் தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை பிறகும் வரும். கையால் திருத்தும்போது மாற்றிப் போட்டால் உக்ரைன் ஊர் மேற்கு ஈரான் பக்கம் போய்விடும். உயிரோடு இருப்பவர்களின் முகவரியை எந்த அடுக்கிலும் சேர்க்காதீர்கள்.