ஈசிஜி நோர்மல், ஆனால் நெஞ்சு அடிக்கிறது: நான்காம் நாள் குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. குச்சவெளிப் பக்கம். கணவர் இரவில் கடலுக்குப் போகிறவர். ஐந்து மாதமாக நடுச்சாமத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, கை விரல் விறைத்து, உயிர் போகப்போகிறது போல வருகிறது. மூன்று தரம் ஈசிஜி எடுத்தும் ஒன்றுமில்லை என்றார்கள். ஒருநாள் பஸ்ஸில் வந்தது. அதிலிருந்து டவுனுக்கே போவதில்லை. ஓபிடி டொக்டர் செர்ட்ரலின் தந்தார். அது மனநோய்க் குளிசை என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நாலு நாள் குடித்தேன், படபடப்புக் கூடியது, விட்டுவிட்டேன். மனநல டொக்டரிடம்தான் போக வேண்டுமா? கணவரைத் தொழிலுக்குப் போகாமல் மறிக்கலாமா?

பதில்:

சகோதரி, என்னிடம் ஒரு அம்மா வந்தார். கிளினிக் கொப்பிக்குள் நான்காக மடித்த ஈசிஜி தாள்கள். திரும்பத் திரும்ப விரித்துப் பார்த்ததில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு அழிந்திருந்தது. "ஒண்டுமில்லை எண்டால் எனக்கு ஏன் டொக்டர் இப்படி வருது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதயத்தில் ஒன்றுமில்லை என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதியைச் சொல்லாமல் அனுப்பினால் நோயாளி அடுத்த ஈசிஜியைத் தேடித்தான் போவார்.

அந்த மீதி இதுதான். ஆபத்து வந்தால் ஓடுவதற்காக உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. உங்களுக்கு ஆபத்து இல்லாத நேரத்திலும் அது சுரக்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. வேகமான மூச்சில் இரத்தத்திலுள்ள கரியமிலவாயு குறைந்துபோவதால்தான் விரல் விறைப்பும் தலைச்சுற்றும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கும். நாங்கள் இதைப் பதகளிப்பு நோய், அதாவது அளவுமீறிய பயமும் பதற்றமும் வரும் நோய், வகைகளில் ஒன்றாக எழுதுகிறோம். விசர் அல்ல, நடிப்பும் அல்ல.

சரி, யாரிடம் போவது? உங்களுக்குக் குளிசை தந்த அதே ஓபிடி டொக்டரிடம். பல நாடுகளில் பதகளிப்பு நோய்க்கு முதல் வைத்தியம் செய்வது பெரும்பாலும் பொது வைத்தியர்கள்தான். ஜிஏடி-7 என்று ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 21 புள்ளி. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக விசாரித்துப் பார்க்க வேண்டும். கூடவே தைரொயிட்டுக்கு டிஎஸ்எச், இரத்தச்சோகைக்கு ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுமே நெஞ்சை அடிக்க வைக்கும். இழுப்புக்கு பம்ப் பாவித்தால் அதையும், ஒரு நாளைக்கு எத்தனை பிளேன்டீ என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போது குளிசை. நீங்கள் நிறுத்திய அந்த நான்காம் நாள்தான் எனக்குக் கவலை. செர்ட்ரலின் போன்ற குளிசைகளில் முதல் ஒன்றிரண்டு வாரம் படபடப்புக் கூடலாம், வயிறு பிரட்டலாம், நித்திரை குழம்பலாம். பெரும்பாலும் அது அடங்கிவிடும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். இதைச் சொல்லாமல் துண்டு எழுதிக் கொடுத்தால் ஆட்கள் நாலாம் நாளே எறிந்துவிடுகிறார்கள். அது அவர்கள் பிழை அல்ல. நானாக இருந்தால் 50 மில்லிகிராம் குளிசையில் பாதியை, அதாவது 25ஐ, காலையில் ஒரு வாரம் தந்துவிட்டுத்தான் கூட்டுவேன். ஆனால் நீங்களாகத் தொடங்க வேண்டாம். குளிசை மட்டையோடு போய், "இப்படி வந்தது, விட்டுவிட்டேன்" என்று சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலும், முன்பு எப்போதாவது நித்திரையே இல்லாமல் அளவுமீறி உற்சாகமாக இருந்த காலம் இருந்தாலும், அதையும் சொல்ல வேண்டும். சுகமான பிறகும் ஆறு மாதமாவது குடிக்க வேண்டியிருக்கும். இது நித்திரைக் குளிசை போல அடிமையாக்காது. ஆனாலும் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்று வரலாம், ஆகவே டொக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

டயசிபாம், அல்பிரசோலம் போன்ற பதற்றத்தை உடனே அடக்கும் குளிசை எதையும் அயலவரிடமிருந்து வாங்கிப் போடாதீர்கள். அரை மணித்தியாலத்தில் சுகம் போல இருக்கும். சில வாரத்திலேயே அது இல்லாமல் நித்திரை வராத நிலை வரலாம்.

அப்புறம் பஸ். குளிசையை விடவும் நீண்ட நாள் பலன் தருவது பயந்த இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகுவதுதான் என்பது என் அனுபவம். பயம் வந்ததும் இறங்கிவிட்டால், இறங்கியதால்தான் தப்பினோம் என்று மூளை படித்துக்கொள்கிறது. முதல் நாள் துணைக்கு ஒருவரோடு பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள், அவ்வளவுதான். பிறகு இறக்கக்கண்டி வரை, பிறகு நிலாவெளி வரை, உப்புவெளி வரை. ஒவ்வொரு கட்டத்தையும் பயம் பாதியாகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உச்சத்தில் இறங்காதீர்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெல்ல விடுங்கள். மேல்நெஞ்சு அசையாமல் வயிறு எழும்ப வேண்டும். இதை வீட்டில் சுகமாக இருக்கும் நேரத்தில் பழகினால்தான் பஸ்ஸில் கைகொடுக்கும்.

சரியான அளவில் ஆறு முதல் எட்டு வாரம் குடித்தும் மாற்றமில்லை என்றால் மனநலக் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். யுத்தமோ 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமியோ கனவில் திரும்பத் திரும்ப வந்தால் காத்திருக்காமலே கேளுங்கள், அதற்கு வேறு விதமான வைத்தியம் தேவை. நெஞ்சை அமுக்கும் நோ கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்து மயக்கம் வந்தால், இது பதகளிப்புத்தானே என்று இருந்துவிடாமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் 1926 மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், இரவிலும் பதில் சொல்வார்கள்.

கணவரை மறிக்க வேண்டாம். பஸ்ஸில் நடந்ததுதான் இதிலும் நடக்கும். அவர் கரையில் நின்றால் இன்று நிம்மதி, நாளைக்கு அவர் சந்திக்குப் போனாலும் பயம். இரவில் எத்தனை தரம் அவருக்குப் போன் எடுக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வள்ளம் இறக்கும்போது ஒன்று, கரைக்கு வந்ததும் ஒன்று என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில இரவு கஷ்டமாக இருக்கும். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.