பிரெக்ஸிட் வணிகப் பேச்சுவார்த்தையில் பிரிட்டன் மக்கள் ஏன் அவ்வளவு சலிப்படைந்தார்கள்?
2016 பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 52 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறச் சொன்னார்களே தவிர, எப்படி வெளியேறுவது என்று அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. சலிப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. அப்போதைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த வெளியேற்ற ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் 2019இல் மூன்று முறை நிராகரித்தது. முதல் முறை 432க்கு 202 என்ற கணக்கில், அதுவும் அவருடைய சொந்தக் கட்சியினரே திரளாக எதிர்த்து வாக்களித்ததால். அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் அரசு ஐரோப்பிய ஒன்றியத்துடனான வணிக ஒப்பந்தத்தை 2020 டிசம்பர் 24 அன்றுதான் எட்டியது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அந்த ஒப்பந்தத்துக்கான சட்டத்தை 30ஆம் தேதி ஒரே நாளில் அவசர அவசரமாக நிறைவேற்றினார்கள். கடைசிவரை இழுபறியாக இருந்தது மீன்பிடி உரிமை. அதை மீட்டுவிட்டதாக அரசு பெருமைப்பட்டுக்கொண்டிருந்த 2021 ஜனவரியிலேயே, புதிய ஏற்றுமதிப் படிவங்களால் சரக்கு தேங்கிப்போன ஸ்காட்லாந்துக் கடலுணவு வணிகர்கள், லண்டனில் பிரதமர் அலுவலகத்துக்கு அருகே லாரிகளை நிறுத்திப் போராடினார்கள்.