மனசாட்சிக்கும் காசு செலவாகிறது

கேள்வி: பசுமை ஃபண்டில், அதாவது சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் பொறுப்போடு நடக்கும் நிறுவனங்களாகப் பார்த்து முதலீடு செய்யும் ஃபண்டில், பணம் போடுகிறவர்களுக்கும் கண் லாபத்தின் மேல்தான். சுற்றுச்சூழல், சமூகம் என்பதெல்லாம் வெளியில் சொல்லிக்கொள்ளத்தானே?

பதில்: அப்படியென்றால் லாபம் குறையும் என்று நினைத்துக்கொண்டே பலர் ஏன் அதில் பணம் போடுகிறார்கள்? ஆர்னோ ரீடில், பால் ஸ்மீட்ஸ் என்ற பொருளியலாளர்கள் நெதர்லாந்தின் தனி முதலீட்டாளர்களை ஆராய்ந்து 2017-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களை ஒரு பரிசோதனையிலும் பங்கெடுக்க வைத்தார்கள். முகம் தெரியாத ஒருவர் நம்பி அனுப்பும் பணத்தில் எவ்வளவு திருப்பித் தருவது என்பது பெற்றவர் விருப்பம். கட்டாயம் ஏதுமில்லாமலே கூடுதலாகத் திருப்பித் தந்தவர்கள்தான் சமூகப் பொறுப்புள்ள ஃபண்டுகளையும் அதிகம் வைத்திருந்தார்கள். வருமானம் குறையும் என்று எண்ணியவர்களும் அவர்களில் பலர் உண்டு. நிர்வாகக் கட்டணமும் கூடுதலாகவே கட்டினார்கள்.

நீங்கள் சொல்லும் 'வெளியில் சொல்லிக்கொள்ளும்' ஆசையும் அந்த ஆய்வில் தென்பட்டது. முதலீடு பற்றி அடிக்கடி பிறரிடம் பேசுகிறவர்கள் இந்த ஃபண்டுகளை நாடுவது சற்று அதிகம். அதற்காக மற்றதெல்லாம் வேஷமாகிவிடாது. இன்னொரு டச்சு ஆய்வில் ஓய்வூதிய நிதி உறுப்பினர்களுக்கு உண்மையான வாக்குரிமையே தரப்பட்டது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இத்தகைய முதலீட்டை அதிகரிக்கச் சொன்னார்கள். பணயம் வைத்தது தங்கள் முதுமைக்கான பணத்தை.

சந்தேகப்பட வேண்டிய இடம் வேறு. பத்து மடங்கு அதிகமாகக் கரியமில வாயுவைக் குறைக்கும் ஃபண்டுக்கும், கொஞ்சமே குறைக்கும் ஃபண்டுக்கும் முதலீட்டாளர்கள் கிட்டத்தட்ட ஒரே கூடுதல் தொகை கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்கிறது 2023-இல் வந்த ஓர் ஆய்வு. 'நல்லது செய்தோம்' என்ற நிறைவு கிடைத்ததும் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். விற்பவர்களுக்கு இது தெரியும். அதே 2023-இல், விளம்பரத்தில் சொன்ன பொறுப்பு விதிகளைச் சரிவரக் கடைப்பிடிக்கவில்லை என்று டி.டபிள்யூ.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனத்துக்கு அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 1.9 கோடி டாலர் அபராதம் விதித்தது. மனசாட்சியோடு வருகிறவரின் பணத்தில் கட்டணம் பிடித்துக்கொண்டு, சொன்னதைச் செய்யாமல் விடுவது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. உங்கள் கோபம் அங்கே போகட்டும்.

பணம் போடுகிறவர்களும் ஒன்றைக் கேட்க வேண்டும். சந்தையில் ஏற்கெனவே புழங்கும் பங்கை வாங்கினால் அந்தப் பணம் விற்றவருக்குத்தான் போகும். நிறுவனத்துக்குப் புதிதாக எதுவும் போகாது. நிறுவனத்தின் போக்கைத் திருப்ப ஃபண்டிடம் நேரடியாக இருக்கும் ஆயுதம் பங்குதாரர் கூட்டத்து வாக்கு. சென்ற ஆண்டு அதை எந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக, எதற்கு எதிராகப் போட்டீர்கள் என்று ஃபண்ட் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.