பிராகில் ஒரு நாள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வியன்னாவிலிருந்து பெர்லின் போகும் வழியில் நானும் அம்மாவும் பிராகில் ஒரு நாள் தங்குகிறோம், சனிக்கிழமை. அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு. 17 இடங்கள் குறித்துவைத்திருக்கிறேன். வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி ராஜபாதை வழியாகவே கோட்டைக்குப் போகலாமா? கையில் யூரோ போதுமா?

ச.

அன்புள்ள ச.,

யூரோ போதாது, அங்கே செக் நாட்டு நாணயமான கொருனாதான். பெரும்பாலும் கார்டே போதும், தெருமுனை நாணயமாற்றுக் கடைப் பக்கம் போகாதீர்கள். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். பழைய யூதக் குடியிருப்பான யோசெஃபோவின் தொழுகைக்கூடங்களும் பழைய இடுகாடும் மூடியிருக்கும். அவற்றைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மிச்சத்தில் பாதியையும் அடியுங்கள். முழங்கால் வலியோடு வருகிறவருக்கு 17 இடங்கள் என்று எழுத எப்படி மனம் வந்தது?

இந்த ராஜபாதை விஷயம் கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பொஹீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) அரசர்கள் முடிசூட ஊர்வலமாகப் போன வழி அது. கடைசியாக அப்படி முடிசூடியவர் ஐந்தாம் ஃபெர்டினாண்ட், 1836இல். அரசர்களைச் சுமக்கக் குதிரை இருந்தது. உங்கள் அம்மா நடக்கிறார். பகல் முழுக்கக் கல் பாவிய தெருக்களில் நடந்து ஓய்ந்தபின் நெருதோவா தெருவின் ஏற்றம் வரும். மேலே போய்ச் சேரும்போது கோட்டைக்குள் இருக்கும் பேராலயத்தை நிமிர்ந்து பார்க்கத் தெம்பிருக்காது. காலை வெயில் கோட்டைமேல் விழும்போது வழியிலுள்ள சார்லஸ் பாலத்திலிருந்து படம் நன்றாக வரும் என்பார்கள். உண்மைதான். படமா, முழங்காலா?

வழியைத் தலைகீழாக்குங்கள், கோட்டையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். நாரோட்னி ட்ரீடா நிறுத்தத்தில் 22ஆம் எண் டிராம் ஏறுங்கள். 30 நிமிடச் சீட்டு போதும். ஏறியதும் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு கையில் இருந்தாலும் அபராதம்தான். 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்' (பிராக் கோட்டை) நிறுத்தத்தில் கூட்டமே இறங்கும். நீங்கள் இறங்காதீர்கள். இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி, போஹோர்ஜெலெட்ஸ். அங்கிருந்து கோட்டைவரை மெல்லிய சரிவு, லொரேட்டோ ஆலயம் வழியிலேயே இருக்கிறது.

கோட்டைக்குள் போனதும் புனித விட்டஸ் பேராலயத்தின் மேற்கு முகப்பு எதிரே நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், அதுதான் புதிய பகுதி. 1344இல் கிழக்குக் கோடியில் தொடங்கிய கட்டடம் 1929இல்தான் முடிந்தது. தெற்குச் சுவரை ஒட்டி நடந்தால் காலத்தில் பின்னோக்கிப் போகிறீர்கள். நடுவில் பொன்வாசல், அதன்மேல் 1370களின் தொடக்கத்தில் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துச் செய்த இறுதித் தீர்ப்புக் காட்சி. அதற்கு எதிரே நின்று பத்து நிமிடம் பாருங்கள்.

இறங்குவது என்றதும் கிழக்கு வாசலின் பழைய படிக்கட்டுக்குப் போய்விடாதீர்கள். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், படியிறக்கம் நேராக முழங்காலைப் பிடிக்கும். வந்த மேற்கு வாசலுக்கே திரும்பி, படியில்லாத கே ஹ்ராடு சரிவில் இறங்கினால் நெருதோவா. உள்ளங்கைக்குள் அடங்கும் சதுரக் கற்களை அடுக்கிய நடைபாதை அது. தேய்ந்து வழவழத்திருக்கும், மழை பெய்தால் வழுக்கும். ரப்பர் அடி வைத்த ஷூ கட்டாயம். 1770இல் கதவிலக்கம் வருமுன் வீடுகளுக்குச் சின்னங்களே முகவரி. 47ஆம் எண்ணில் இரண்டு சூரியன்கள், 12ஆம் எண்ணில் மூன்று வயலின்கள். அவற்றைத் தேடிக்கொண்டே இறங்கினால் நடை தானாக மெதுவாகும்.

சார்லஸ் பாலம் 516 மீட்டர். அதற்கு முன்பே, மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கத்தில், அம்மாவை உட்காரவைத்து முகத்தைப் பாருங்கள். களைத்திருந்தால் அதே 22 அங்கேயும் நிற்கும். ஆற்றைக் கடந்து ஏறிய இடத்திலேயே விட்டுவிடும். பழைய நகரச் சதுக்கத்து வானியல் கடிகாரத்தின் பொம்மைகள் இரவு 11 மணிவரை மணிக்கொருமுறை ஆடும். சாப்பிட்டுப் படுத்தெழுந்து மாலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.