புரியாத ஜோக்குக்கும் சிரிக்கணுமா?

ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கும்போது புரியாட்டியும் நானும் சிரிச்சிடறேன், சுமாரா இருக்கறதைக்கூட சூப்பர்ங்கறாங்க, வெளிநாட்டுல எல்லாமே நடிப்புதானான்னு கேட்டிருக்கீங்க தம்பி. நான் வந்து பதினாறு வருஷம் ஆச்சு, முதல் ரெண்டு வருஷம் நானும் இப்படித்தான் சிரிச்சிட்டிருந்தேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

சூப்பர் மேட்டரை விடுங்க, அது எல்லா ஊர்லயும் உண்டு. பெல்லா டிபாலோன்னு ஒரு சைக்காலஜிஸ்ட், ஆளுங்களை ஒரு வாரம் அவங்கவங்க சொன்ன பொய்யை டைரியில எழுத வச்சு, முடிவை 1996ல வெளியிட்டாங்க, காலேஜ் பசங்க நாளைக்கு சராசரியா ரெண்டு பொய், மத்தவங்க ஒண்ணு. அவங்களே எழுதிக் குடுத்த கணக்கு. தாய்மொழியில இதெல்லாம் நம்ம காதுல பொய்யா விழறதே இல்ல, பாஷை புதுசுங்கறதால உங்களுக்கு உறுத்துது.

ஜோக்ல வர்ற பொய் வேற. மழை கொட்டும்போது ஒருத்தர் "என்னா வெயில்"னா, அவர் ஏமாத்தல, பொய்னு நீங்க கண்டுபிடிக்கணும்னுதான் சொல்றார். பொய்யே கூடாதுன்னு கறாரா நின்னவர் புனித அகஸ்டின்ங்கற கிறிஸ்தவ அறிஞர், 1,600 வருஷத்துக்கு முன்னாடி அவரே ஜோக்கை பொய்க் கணக்குல சேர்க்கல, குரலும் மனநிலையுமே காட்டிக் குடுத்துடும்னார். நமக்கு சிக்கலே அங்கதான், வார்த்தை சீக்கிரம் வந்துடுது, தொனி பிடிபட வருஷக்கணக்காகுது.

ஒரு நாள் பக்கத்து சீட்காரர் முகத்துல ஒரு மாற்றமும் இல்லாம, "எங்கப்பாவுக்கு இனிமே என்னை அடையாளம் தெரியாது"ன்னார். ஜோக் அடிக்கும்போதும் அவருக்கு அதே முகம்தான், நான் பழக்கத்துல சிரிச்சுட்டேன், வேற யாருமே சிரிக்கல. ராத்திரி முழுக்க தூக்கம் இல்ல. மறுநாள் போய், உங்க ஜோக்ல பாதி எனக்குப் புரியறதில்ல, இத்தனை நாள் சும்மா சிரிச்சேன், நேத்தும் அப்படித்தான் ஆயிடுச்சு, மன்னிச்சிடுங்கன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தவர், "ஒரு தடவைகூட ஏன் கேக்கல?"ன்னு மட்டும் கேட்டார். அதுக்கப்புறம் அவரே நிறுத்தி விளக்குவார், இன்னைக்கு வரைக்கும் எங்க பழக்கம் விடல.

கூட சேர்ந்து சிரிக்கறதையே தப்புன்னு சொல்லல. ராபர்ட் ப்ரொவைன்னு சிரிப்பை ஆராய்ஞ்ச ஒரு சைக்காலஜிஸ்ட், பொது இடங்கள்ல 1,200 சிரிப்பை கவனிச்சு எழுதினார், அதுல ஜோக் மாதிரி எதுக்காவது வந்தது 10லேருந்து 20 சதவீதம்தான், மிச்சமெல்லாம் சரி, பாக்கலாம் மாதிரி சாதாரணப் பேச்சுக்கு. பக்கத்துல இருக்கேன்னு காட்டற சிரிப்பு அது, தாராளமா சிரிங்க. புரிஞ்ச மாதிரி நடிக்கற சிரிப்புதான் வேண்டாம், இவருக்கு எல்லாம் புரியுதுன்னு நினைச்சு யாரும் உங்களுக்கு எதையும் விளக்க மாட்டாங்க.

கூட்டத்துல நிறுத்திக் கேக்காதீங்க, ஜோக் செத்துடும். நம்பிக்கையான ஒருத்தரைப் பிடிச்சு தனியா, "அவர் சொன்னது எனக்குப் புரியல, என்ன அது?"ன்னு கேளுங்க. அந்த ஒரு வரியை அவங்க பாஷையில வீட்லயே நாலு தடவை சொல்லிப் பாத்துட்டுப் போங்க.