சுமைதாங்கி விளையாட்டு

கேள்வி: மண்டபத்தில் இறால், நண்டு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 28. டிவியில் மாட்டி விளையாடும் பழைய பிஎஸ்4 கேம் பெட்டி ஒன்று வாங்கி, ராத்திரியில் 'டெத் ஸ்ட்ராண்டிங்' விளையாடுகிறேன். அதைப் பற்றிப் பேச அலுவலகத்தில் ஓர் ஆள் இல்லை. கேம் என்று வாயெடுத்தாலே மேனேஜர் அண்ணன், "ரம்மியா தம்பி? எவ்வளவு விட்ட?" என்கிறார். மற்றவர்களுக்குக் கவுண்ட், ரேட், ஐஸ், இதுதான் பேச்சு. பேக்கிங்கில் ஒரு பையன் செல்போனில் ஃப்ரீ ஃபயர் என்ற சுடும் ஆட்டம் ஆடுகிறான், ஆனால் அதெல்லாம் கேமே இல்லை. ரசனை உள்ளவனுக்கு இந்தக் கரையில் துணையே கிடையாதா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், மண்டபம்)

பதில்: உங்கள் கடிதம் நாலு பக்கம், தம்பி. இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அதில் மூன்று பக்கம் விளையாட்டின் கதை. பேக்கிங் பையனுக்கு ஒரே வரி, அதுவும் அவனைத் தள்ளிவிடுகிற வரி. துணை இல்லை என்று புலம்புகிறவர், வாசலில் நிற்கும் ஆளை இப்படியா கழித்துக்கட்டுவார்?

மேனேஜர் விஷயம் சின்னது. அவர் மேல் கோபப்படாதீர்கள். இணைய ரம்மிக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டசபை 2022-இல் மசோதா நிறைவேற்றி, அது திரும்பி வந்து, மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடுக்கும் மத்திய சட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. இத்தனை வருடமும் பேப்பரில் 'ஆன்லைன் கேம்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே கடனும் சாவும் இருந்தன. அவர் கேட்டது பாதி கிண்டல், பாதி பயம். "டிஸ்க் வாங்கினதோட சரிண்ணே, அப்புறம் ஒரு பைசா கட்டல" என்று சொல்லுங்கள், முடிந்தது.

சரி, உங்கள் விளையாட்டுக்கு வருவோம். என் அக்கா மகன் அதை ஆடும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஹிதேயோ கொஜிமா என்ற ஜப்பான்காரரின் குழு 2019-இல் வெளியிட்டது. துப்பாக்கியும் உண்டு, ஆனால் பெரும்பாலும் நடைதான். முதுகில் பெட்டி பெட்டியாக அடுக்கிக்கொண்டு மலை, பள்ளம் என்று ஒருவன் நடக்கிறான். சுமை ஒரு பக்கம் சாய்ந்தால் எதிர்ப் பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்க மறந்தால் பெட்டிகளோடு உருள வேண்டியதுதான். மழை பட்டால் பெட்டி அரித்துப்போகும். ஓர் ஆற்றங்கரையில் ஏணி ஒன்று கிடந்தது. "இது யார் போட்டது?" என்றேன். "தெரியாது மாமா, எங்கயோ ஆடுற யாரோ" என்றான். நெட்டில் இருந்தால், ஒருவர் போட்ட ஏணியும் பாலமும் முகம் தெரியாத இன்னொருவரின் உலகத்தில் வந்து நிற்குமாம். பதிலுக்கு லைக் போடலாம். ஆளைப் பார்க்க முடியாது.

எனக்குச் சுமைதாங்கிக் கல்தான் ஞாபகம் வந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமைக்காரர் 'ஒரு கை பிடிங்க' என்று யாரையும் கூப்பிடாமல் இறக்கி வைக்கவும் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரம். பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் வைப்பது வழக்கம். வைத்தவருக்குச் சுமையை இறக்குகிறவர் யாரென்று தெரியாது. ராமேஸ்வரம் போகிற யாத்திரிகர்களுக்குச் சேதுபதிகள் கட்டிய சத்திரங்களும் இந்தக் கணக்குத்தான். உங்கள் கம்பெனியில் ஐஸ் பெட்டி தூக்குகிறவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், டீ ஆறுவதற்குள் புரிந்துகொள்வார். நீங்கள் அவரிடம் சொன்னது என்ன? கிராஃபிக்ஸ் எப்படி, எத்தனை மணி நேரம் ஆடினேன், எத்தனை ஸ்டார் வாங்கினேன்.

இந்தத் தப்பை நானும் செய்தவன். சிற்றலை வானொலியில் தூரதேச நிலையங்களைப் பிடித்து, 'கேட்டேன்' என்று கடிதம் எழுதிப் போட்டு, அவர்கள் அனுப்பும் அத்தாட்சி அட்டைகளைச் சேர்ப்பது எனக்குப் பித்து. அலுவலகத்துக்கு அட்டையைக் கொண்டுபோய் ஒவ்வொரு மேஜையாக நீட்டுவேன். பிழை திருத்துபவர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "ம்" என்பார். ரசனை கெட்ட மனுஷன் என்று நினைத்தேன். அவர் மொட்டைமாடியில் பந்தயப் புறா வளர்ப்பதும், நூறு மைல் தள்ளி விட்டாலும் அவை வீடு திரும்புவதும், அவர் ஓய்வு பெறும் நாளில்தான் எனக்குத் தெரிந்தது. அவர் சொல்லாமல் இல்லை. நான்தான் கேட்கவே இல்லை.

கவுண்ட், ரேட் என்று நீங்கள் அலுத்துக்கொள்வதும் அப்படித்தான். கிலோவுக்கு 30 இறால் நின்றால் 30 கவுண்ட். 40 நின்றால் உருப்படி சின்னது, விலையும் இறங்கும். தராசில் ஏற்றும் முன்பே ஒரு கை அள்ளிப் பார்த்துக் கவுண்ட் சொல்லிவிடுகிற ஆள் உங்கள் கம்பெனியில் கட்டாயம் இருப்பார். நாளைக்கு அவரோடு ஒரு டீக்குப் பந்தயம் கட்டுங்கள். தோற்பீர்கள். தோற்றால்தான் பேச்சு வளரும்.

இனி அந்தப் பையன். ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் இங்கே தடையானது, ஆகவே அவன் ஆடுவது அதன் இன்னொரு வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸாக இருக்கும். ஐம்பது பேர் இறங்குகிற, பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகிற ஆட்டம். ஆனால் நாலு பேர் ஓர் அணி. காதில் மாட்டிக்கொண்டு, "பின்னாடி ஒருத்தன் வாரான்டா" என்று மற்ற மூன்று பேரோடு பேசிக்கொண்டே ஆட வேண்டும். அவனுக்குத் துணைக்குப் பஞ்சமில்லை. ஒரு தடவை உங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் சாகப்போவது நீங்கள்தான், சிரிப்பார்கள், இருக்கட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், உங்கள் கம்பெனியிலும் வேலை ஓய்ந்திருக்கும். மேனேஜரிடம் அனுமதி கேட்டு, ஒரு சாயங்காலம் கேம் பெட்டியையும் வயரையும் சாப்பாட்டு அறை டிவிக்குக் கொண்டுபோங்கள். கதை சொல்லாதீர்கள். சுமை சாய்கிற இடமாகப் பார்த்து நிறுத்தி, கன்ட்ரோலரை ஐஸ் பெட்டி தூக்குகிறவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். அவர் விழும்போது பொத்தானைப் பற்றி வாய் திறக்காதீர்கள். அது உங்களுக்குக் கஷ்டம்தான், தெரியும்.

இன்னொன்று. நாலு பக்கத்தில் விளையாட்டில் வருகிற பாத்திரங்களின் பெயர் ஒன்பது எழுதியிருக்கிறீர்கள். பேக்கிங் பையன் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அச்சில் வராது, எனக்கு மட்டும்.