வென்டிலேட்டரில் இருந்தவர் கண் விழித்தபின் யாருடைய ஒப்புதல்?

வென்டிலேட்டரில் நினைவின்றி இருந்த நோயாளியை, மனைவியின் கையெழுத்தோடு மருந்துச் சோதனையில் சேர்த்தீர்கள்; அவர் கண் விழித்தபின், ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டது, என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். மனைவி போட்ட கையெழுத்து செல்லும். நோயாளியைச் சோதனையில் சேர்த்தது தவறில்லை. ஆனால் அவர் இப்போது விழித்துப் பேசுகிறார் என்றால், தொடர்வதற்கு அவருடைய ஒப்புதலே வேண்டும். நெறிமுறைக் குழு கேட்பது அதைத்தான். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம்) 2017 வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறது.

குழு கோப்பைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம், பெரும்பாலும் உங்கள் ஆய்வுத் திட்டத்தில் மறு ஒப்புதல் பற்றிய பகுதியே இல்லாததாக இருக்கும். எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் திருத்தம் எழுதிக் குழுவின் அனுமதி வாங்குங்கள்.

அப்புறம், கண் விழித்த உடனே படிவத்தை நீட்டாதீர்கள். ஐசியூவில் மனக்குழப்பம் சகஜம். தலையாட்டுவது சம்மதம் ஆகாது. மனக்குழப்பத்தைக் கண்டறியும் கேம்-ஐசியூ பரிசோதனை செய்யுங்கள். அதில் கவனத்தைச் சோதிக்கும் பகுதி இது: பத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'ஏ' வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வது. மூன்று பிழை வந்தாலே கவனம் நிற்கவில்லை என்று பொருள். அன்று விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். தெளிந்தபின் நீங்கள் விளக்கியதை அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

புதிய மூலக்கூறு மருந்து என்றால், புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் பற்றிய 2019 விதிகளின்படி இத்தகைய நோயாளிகளிடம் ஒப்புதல் பெறுவதை ஒலி-ஒளிப் பதிவும் செய்ய வேண்டும்.

அவர் மறுத்தால் சோதனை மருந்தை நிறுத்திவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள். வழக்கமான சிகிச்சை துளியும் குறையக் கூடாது. அதுவரை சேர்ந்த தரவை என்ன செய்வது என்பதைக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள்.